அறைக்குள் இருந்த வட்டாரம்

தம்பி, அந்தப் பக்கத்தைத் திருப்பிப்போடாதேங்கோ. இல்லையில்லை, எனக்குத் தரவேண்டாம், கண்ணாடி கொண்டரேல்ல. நீங்கள் வாயை அசைச்சு வாசிக்கிற ஆள், பக்கத்தில இருக்கிற எனக்கும் அரைவாசி கேட்டுது. 'ஜனாதிபதி கோபத்துடன் எழுந்து சென்றதாக அறைக்குள் இருந்த நம்பகமான வட்டாரம் தெரிவித்தது.' அதுதானே? அதை நம்புறியளே?

சும்மா கேட்டனான். கோவிக்காதேங்கோ. புத்தளம் தாண்டுமட்டும் இந்த பஸ்ஸில வேற என்ன வேலை.

நான் கஸ்பார். ஊர் ஊர்காவற்றுறை. கொழும்பில மாளிகையில தேத்தண்ணி குடுக்கிற வேலை, இப்ப பென்சன். மாளிகை எண்டா ஜனாதிபதி இருக்கிற மாளிகை. எந்த ஜனாதிபதி எண்டு கேக்காதேங்கோ, எல்லாரும் சீனி போட்டுத்தான் குடிச்சவை. நாங்கள் 'பெரியவர்' எண்டு சொல்லுவம். நாங்களும் அப்பிடியே வைச்சுக்கொள்ளுவம்.

எனக்கு ஒரு பழக்கம் இருக்குது. ஒரு ஆளின்ர குரலை ரெண்டு நாள் கேட்டாக் காணும், பேந்து அது என்ர தொண்டைக்குள்ள வந்து குடியிருந்திடும். எங்கட செயலாளர் ஒருத்தர் இருந்தவர். பெரியவர் ஒரு வசனத்தைத் துவங்க முன்னமே "மிகச் சரி சேர்" எண்டுவார். ஒருநாள் பெரியவருக்குத் தும்மல் வந்தது. மூக்கைச் சுருக்கினார், வாயைத் திறந்தார், இவர் குனிஞ்சு "மிகச் சரி சேர்." தும்மல் திரும்பி உள்ள போயிட்டுது.

பாத்தியளே, சிரிக்கிறியள். முன் சீற்றில இருக்கிற அம்மாவும் சிரிக்கிறா, ஆனா திரும்பிப் பாக்கமாட்டா.

இப்ப உந்தப் பத்திக்கு வாறன். அந்த நாளில ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் ஒண்டில 'உள்வீடு' எண்டு ஒரு பக்கம் வாறது. பேப்பரின்ர பேர் வேண்டாம். பெரியவர் ஆரோட சாப்பிட்டவர், ஆரைப் பாத்து முகம் சுழிச்சவர், எந்த மந்திரி எந்த மந்திரியைப் பற்றிக் கோள் சொன்னவர், எல்லாம் அதில வரும். திங்கக்கிழமை மாளிகைக்குள்ள அந்தப் பேப்பர் கொண்டரக்கூடாது எண்டு செயலாளர் கட்டளை போட்டவர். அதால என்ன நடக்கும்? எல்லாரும் வீட்டிலயே பாடமாக்கிக்கொண்டு வருவினம்.

திங்கக்கிழமைக் கூட்டத்துக்குத் தேத்தண்ணித் தட்டோட உள்ள போனனெண்டா, நான் பேப்பர் பாக்கத் தேவையில்லை. ஆருக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாக் கிடக்குதோ, அவற்ற பேர் தான் நேற்று வந்திருக்குது. மற்ற ஆக்கள் கதிரையோட அரக்கி அரக்கி அங்கால போயிருப்பினம். ஆனா பாருங்கோ, ஒரு மாசமாப் பேர் வராதவருக்கும் முகம் செத்துத்தான் இருக்கும். தன்னை ஆரும் கணக்கெடுக்கேல்ல எண்டு. அப்பிடியானவை இரவோட இரவாத் தாங்களே பேப்பருக்குப் போன் போட்டுத் தங்களைப் பற்றிக் கதை குடுப்பினம். தட்டோட நடக்கிறவனுக்கு முன்னால ஆரும் குரலைத் தணிக்கிறேல்ல. மந்திரி குடுத்தவர், செயலாளர் குடுத்தவர், பெரியவற்ற மச்சானும் குடுத்தவர். ஓட்டை இல்லாத ஆள் எண்டா அந்தக் கட்டடத்தில ஒரே ஒரு ஆள் தான். யோகன்.

யோகநாயகம். மொழிபெயர்ப்பாளர். தமிழ் ஆக்கள் பெரியவரைச் சந்திக்க வந்தா இவன் தான் நடுவில இருக்கிறவன். நல்ல பெடியன். ஒரு சொல்லுக் கூட்டமாட்டான், ஒரு சொல்லுக் குறைக்கமாட்டான். வெளியில வந்தா என்ன கதைச்சவை எண்டு மனிசிக்கும் சொல்லமாட்டான். ஒருத்தற்ற பேரைச் சொல்லிக் கூப்பிட முதல் தொண்டையை மெல்லமாச் செருமுவான். அவ்வளவு மரியாதை. என்னோட மட்டும் தேத்தண்ணி அறையில கொஞ்சம் வாய் திறப்பான். நான் செயலாளரைச் செய்து காட்டினா, கோப்பையைக் கீழ வைச்சுப்போட்டுச் சிரிப்பான், தேத்தண்ணி சிந்திப்போடும் எண்டு.

ஒருநாள் வடக்கில இருந்து அம்மாமார் வந்தவை. பிள்ளையளைக் காணேல்ல எண்டு படங்களோட வந்த ஆக்கள். நான் தேத்தண்ணி வைச்சிட்டு வெளிய வந்திட்டன். கதவு சாத்தியாச்சு. அது மொத்தமான கதவு, ஒரு சத்தமும் வராது. உள்ள பெரியவர், செயலாளர், மாளிகைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான பிரிகேடியர், யோகன், அம்மாமார். என்ன கதைச்சவை எண்டு எனக்குத் தெரியாது தம்பி. ஒரு சொல்லுத் தெரியாது. அவை வெளிய வரேக்க முகங்களைப் பாத்தனான், அவ்வளவுதான். தேத்தண்ணி ஒருத்தரும் தொடேல்ல. எல்லாம் ஆடை கட்டிக் கிடந்தது.

அந்தச் சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில சலூனுக்குப் போனனான். நான் போனா அங்க கத்திரிக்கோல் நிண்டிடும். "கஸ்பார் அண்ணை, பெரியவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" எண்டு கேப்பினம். நான் மாட்டன் எண்டுவன். பேந்து எழும்புவன்.

அண்டைக்கு இதைத்தான் செய்தனான். கொஞ்சம் தள்ளி இருங்கோ, கை வீசவேணும். அம்மாமார் அழுகினம். யோகன் தொண்டையைச் செருமி, மொழிபெயர்க்க வாயைத் திறக்கிறான். பெரியவர் கையைக் காட்டுறார், நில்லு எண்டு. கண்ணாடியைக் கழட்டுறார். துடைக்கிறார். வெளிச்சத்தில பிடிச்சுப் பாக்கிறார். திரும்பவும் துடைக்கிறார். ஒரு மிடறு தேத்தண்ணி. இந்த இடத்தில அவசரப்படக்கூடாது தம்பி, எல்லாரும் பிழைவிடுறது இதில தான். பேந்து சொல்லுறார்:

"அழுகையை மொழிபெயர்க்க வேண்டாம், யோகநாயகம்."

கோப்பையைக் கீழ வைக்கிறார்.

"நேரம் மிச்சம்."

சலூன் முழுக்கச் சிரிச்சது. சிரிச்சு, அரைவாசியில நிண்டிட்டுது. அந்தச் சிரிப்பு நிண்ட இடம் இருக்குதே, அதுக்காகத்தான் நான் இதெல்லாம் செய்யிறது. விளங்குதே? சிரிக்க வைக்க ஆராலையும் ஏலும்.

பக்கத்துக் கதிரையில ஒருத்தர் முகம் முழுக்க நுரையோட சாஞ்சு கிடந்தவர். "அண்ணை, அதைத் திருப்பி ஒருக்காச் செய்யுங்கோ" எண்டார். ஒருத்தர் விரும்பிக் கேக்கேக்க எப்பிடி மாட்டன் எண்டுறது. செய்தன். நுரைக்குள்ள ஆர் எண்டு எனக்கு என்ன தெரியும். முகத்தைத் துடைச்ச பிறகு தான் பாத்தன், விக்டர். 'உள்வீடு' எழுதுற விக்டர். ஒருநாளும் மாளிகைக்குள்ள கால் வைச்சிராத மனிசன். "நல்லாச் செய்தனீங்கள்" எண்டு கையைப் பிடிச்சுக் குலுக்கினார். பேப்பர்காரன் ஒருத்தன் என்ர கையைக் குலுக்கினது அதுதான் முதல்.

அடுத்தநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிஞ்சு கோயில் வாசலில பேப்பரை வாங்கிப் பாக்கிறன். முதல் பத்தி. தம்பி, நெஞ்சு வெடிச்சுப்போச்சு. என்ன எழுதியிருந்தவர் தெரியுமே? 'நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, தாய்மாரின் அழுகையை மொழிபெயர்க்க வேண்டாமென மொழிபெயர்ப்பாளருக்கு ஜனாதிபதி பணித்ததாக, அறைக்குள் இருந்த நம்பகமான வட்டாரம் தெரிவித்தது.'

நேரத்தை முன்னுக்குப் போட்டிட்டான். முன்னுக்கு. கடைசியா வரவேண்டிய சாமானைக் கொண்டுபோய் வாசலில வைச்சிருக்கிறான். கண்ணாடி இல்லை, மிடறு இல்லை, கோப்பை இல்லை. அதுக்குப் பேர் கொலை தம்பி, வேற என்ன. நான் விக்டரை இன்னும் மன்னிக்கேல்ல.

திங்கக்கிழமை கூட்டம். நான் தட்டோட உள்ள போறன். யோகனுக்கு ரெண்டு பக்கமும் கதிரை வெறுமை. செயலாளர் எழும்பினார். "சேர், இப்பிடி ஒரு சொல்லு நீங்கள் சொல்லுவியளே. உடன மறுப்பு விடுவம்." யோகனும் எழும்பி, தொண்டையைச் செருமி, "சேர் அப்பிடிச் சொல்லேல்ல. நான் பக்கத்தில இருந்தனான். அம்மாமார் அழேக்க சேர் ஒண்டும் சொல்லேல்ல" எண்டான். அவன் பொய் சொல்லுற பெடியன் இல்லை எண்டு சொன்னனே.

பெரியவர் கண்ணாடியைக் கழட்டினார். துடைச்சார். ஒரு மிடறு குடிச்சார். நான் தட்டைப் பிடிச்சபடி பாக்கிறன், நான் செய்த மாதிரியே செய்யிறார்.

"ஏன் சொல்லேல்ல," எண்டார். "சொன்னனான்."

பேந்து கொஞ்சம் யோசிச்சுப்போட்டு, "நல்லாத்தான் சொல்லியிருக்கிறன்" எண்டார்.

"மிகச் சரி சேர்," எண்டார் செயலாளர்.

என்ர சீவியத்தில அப்பிடி ஒரு பரிசு எனக்குக் கிடைச்சதில்லை. ஒரு நாட்டின்ர ஜனாதிபதி, நான் உண்டாக்கின வசனத்தைத் தன்ர வசனம் எண்டு நம்பிப்போட்டார். மேடையில செய்யிற ஆக்கள் எத்தினை பேருக்கு அப்பிடி வாய்ச்சிருக்கும், சொல்லுங்கோ. ஆனா ஆரிட்ட இதைச் சொல்லுறது. தேத்தண்ணியை ஊத்திக்கொண்டு நிண்டனான்.

அப்ப பெரியவர் சொன்னார், "நாலு சுவருக்குள்ள நான் சொன்னது வெளியில எப்பிடிப் போனது?" எல்லாரும் யோகனைப் பாத்தவை. அவன் தானே இப்ப எழும்பி, சேர் சொல்லவே இல்லை எண்டவன். சொன்னவரே சொன்னன் எண்டுறார், இவன் இல்லை எண்டுறான். அப்ப இவன் எதையோ மறைக்கிறான் எண்டுதானே ஆரும் நினைப்பினம். அதில அவையைப் பிழை சொல்லவும் ஏலாது.

கூட்டம் முடிய யோகன் நேர தேத்தண்ணி அறைக்கு வந்தான். கதவைச் சாத்தினான். "கஸ்பார் அண்ணை, உது உங்கட வசனம் எல்லே" எண்டான்.

"எப்பிடிக் கண்டுபிடிச்சனி?"

"அவருக்கு அவ்வளவு பகிடி வராது அண்ணை."

மெய்யாச் சொல்லுறன், எனக்குப் பெருமையா இருந்தது. அவன் லேசில ஆரையும் புகழாத பெடியன்.

"அண்ணை, போய்ச் சொல்லுங்கோ" எண்டான். "சலூனில பகிடிக்குச் செய்தது எண்டு சொல்லுங்கோ. தேத்தண்ணிக்காரன்ர வாய்க்கொழுப்பு எண்டு ஏசிப்போட்டு உங்களை விட்டிடுவினம். மிஞ்சினா வேலை போகும். என்னை அப்பிடி விடமாட்டினம். பிரிகேடியர் இப்பவே என்ர வீட்டு விலாசத்தை ரெண்டு தரம் கேட்டிட்டார்."

நான் அவனுக்கு வடிவா விளங்கப்படுத்தினனான். பெரியவர் தன்ர வாயால சொல்லிப்போட்டார், நான் சொன்னனான் எண்டு. இப்ப நான் போய் "இல்லை சேர், நீங்கள் சொல்லேல்ல, நான் தான் சொன்னது" எண்டா, அது ஆரைப் பொய்யன் எண்டுறது? ஜனாதிபதியை. அது ஏலுமே? மற்றது, ரகசியத்தை வெளிய விட்டாத்தான் குற்றம். நடக்காத ஒரு விசயத்தைச் சொன்னா அதெப்பிடி ரகசியமாகும்? நான் ஒண்டையும் வெளிய விடேல்ல, விட என்னட்ட ஒண்டும் இருக்கேல்ல. இதைப் பிறகு ஒரு லோயரிட்டையும் கேட்டுப் பாத்தனான். அவர் என்னை நல்லா உத்துப் பாத்துப்போட்டு, சட்டப்படி நீங்கள் சொல்லுறது சரி எண்டார்.

யோகன் குடிச்ச கோப்பையைத் தானே கழுவிக் கவிட்டு வைச்சான். "விடு, நான் கழுவுறன்" எண்டனான். "பரவாயில்லை அண்ணை" எண்டிட்டுப் போனான்.

என்னையும் விசாரிச்சவை. பிரிகேடியர் மெத்தென்ற குரலில கதைக்கிற மனிசன், வருத்தக்காரரைப் பாக்க வந்த மாதிரி. "கஸ்பார், உள்ள கதைச்சது உனக்குக் கேட்டதா?" "இல்லை சேர். நான் வெளியில நிண்டனான். கதவு சாத்தியிருந்தது." "அப்ப உள்ள இருந்தது ஆர்?" "நீங்கள், செயலாளர், யோகன் சேர்." இதில ஒரு சொல்லுப் பொய் இருக்குதே? நீங்களே சொல்லுங்கோ. ஒரு சொல்லு?

அந்தக் கிழமை முடிய முதல், யோகன் வேலை முடிஞ்சு போகேக்க பஸ் நிக்கிற ஹோல்ட்டில வைச்சு வானில ஏத்திப்போட்டினம். நம்பர் தகடு இல்லாத வான். அன்னாசி விக்கிற ஒருத்தன் கண்டவன். ஒரு செருப்புக் கழண்டு விழுந்ததாம், அதையும் எடுத்து வானுக்குள்ள எறிஞ்சு போட்டுத்தான் கதவைச் சாத்தினவையாம். அவ்வளவுதான் தம்பி. அதுக்குப் பிறகு ஆள் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாளிகை முழுக்க அந்தப் பேப்பரைத்தான் பாத்துக்கொண்டிருந்தது. யோகனைப் பற்றி என்ன எழுதுவினம் எண்டு. 'உள்வீடு' முழுக்க, பெரியவற்ற வெளிநாட்டுப் பயணத்தில ஆர் முன் சீற், ஆர் பின் சீற் எண்டு. யோகன் உள்பக்கத்தில, ஒரு சீலைக்கடை விளம்பரத்துக்குக் கீழ. 'மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் காணவில்லையென மனைவி முறைப்பாடு.' அவ்வளவுதான். ஆனா 'உள்வீட்டில' கடைசியா ஒரு வரி கிடந்தது. 'அறைக்குள் இருந்த வட்டாரம் இனிப் பேசாதெனத் தெரிகிறது.'

வாசிச்சிட்டு நான் மனிசிக்குச் சொன்னனான், பார், இப்பதான் விக்டருக்கு ஒரு வசனத்தை எங்க முடிக்கிறது எண்டு பிடிபட்டிருக்குது. மனிசி பேப்பரைப் பறிச்சு மீன் சுத்தப் போட்டிட்டாள். அவளுக்கு இதில ரசனை இல்லை.

விக்டர் பேந்து வெளிநாடு போயிட்டார். போகேக்க என்னட்டச் சொல்லவும் இல்லை.

யோகனின்ர மனிசி சாரதா. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். மூத்தவள் அப்ப பள்ளிக்கூடத்தில மூண்டாம் வகுப்போ என்னவோ. சாரதா படத்தைக் கொண்டு ஏறாத படி இல்லை. பொலிசு, ஆணைக்குழு, பிசப் ஐயா, எல்லா இடமும். பேந்து கோட்டில ஆட்கொணர்வு மனுப் போட்டவ. ஆளைக் கொண்டுவந்து காட்டச்சொல்லிக் கேக்கிறது. அன்னாசிக்காரனும் சாட்சி சொல்ல வாறன் எண்டவன். அந்த நேரத்தில அது லேசான காரியமே. சனம் அவவின்ர பக்கத்து வீட்டில இருக்கவே பயந்தது.

ஒருநாள் பிரிகேடியர் என்னைக் கூப்பிட்டார். தேத்தண்ணிக்கு இல்லை, இருக்கச் சொன்னார். கதிரையில. "கஸ்பார், நீ நல்லாக் குரல் எடுப்பியாம், சலூனில எல்லாம்" எண்டார். நான் கதிரையை விட்டு எழும்பப் பாத்தன். மனிசன் சிரிக்கிறார். "பயப்படாதே. செயலாளரைச் செய்." செய்தன். தும்மலையும் செய்தன். கண்ணால தண்ணி வரச் சிரிச்சார். "பெரியவரைச் செய்." செய்தன். இன்னும் சிரிச்சார். பேந்து கண்ணைத் துடைச்சுக்கொண்டு, "யோகநாயகத்தைச் செய்" எண்டார்.

நான் தொண்டையைச் செருமினன். அதிலயே அவர் சிரிப்பை நிப்பாட்டியிட்டார்.

"பாவம் அந்தப் பிள்ளை" எண்டார், சாரதாவைத் தான். "இப்பிடி அலைஞ்சா அவவுக்கும் ஒண்டு நடந்திடும். ரெண்டு பிள்ளையள் வேற. நீ ஒரு உதவி செய்." யோசினை அவற்ற. குரல் மட்டும் தான் என்ர. ஆனா நல்ல யோசினை எண்டு தான் எனக்கும் பட்டது. அவருக்கும் மனிசி பிள்ளையள் இருக்குதுதானே, அந்த இரக்கம். போனை அவரே அமத்தித் தந்தார்.

"சாரதா. நான் தான். சுகமா இருக்கிறன். எங்க எண்டு கேக்காதை. அந்தக் கேசை விடு. விட்டாத்தான் நான் வரலாம்."

அந்தப் பக்கம் நல்ல நீளமான இடைவெளி. நானே அவ்வளவு விட்டிருக்கமாட்டன். பேந்து கேட்டா, "சாப்பிட்டீங்களோ?"

நான் அதை யோசிச்சுக்கொண்டு போகேல்ல. ஆனா யோகன் எண்டா என்ன சொல்லுவான், "ஓம்" எண்டுவான், அவ்வளவுதானே. "ஓம்" எண்டன். அவ அழத் துவங்கினா. பிரிகேடியர் கையால காட்டினார், வை எண்டு. வைச்சிட்டன்.

அந்தக் கிழமையே மனுவை எடுத்திட்டா. அன்னாசிக்காரன் கோட்டு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனவனாம். பாருங்கோ, ஒரு உயிரைக் காப்பாத்தியாச்சு. பிரிகேடியர் என்ர தோளில தட்டினார். பிள்ளையள் பெருநாளுக்கு உடுப்பு எடுக்கட்டும் எண்டு என்னவோ தந்தவர், அது வேற கதை.

பேந்து ஆட்சி மாறிச்சுது. பெரியவர் போயிட்டார், பிரிகேடியரும் போயிட்டார், என்னையும் பென்சனில அனுப்பிப்போட்டினம். இப்ப ஆரும் என்னைக் கோல் எடுக்கச் சொல்லுறேல்ல. ஆனா நான் விடேல்ல தம்பி. பொங்கலுக்கு எடுப்பன், தீவாளிக்கு எடுப்பன், சின்னவள் சாமத்தியப்பட்டது எண்டு கேள்விப்பட்டு அதுக்கும் எடுத்தனான். ஏன் எண்டு கேக்கிறியளே? நான் நிப்பாட்டினா ஆள் செத்த மாதிரி எல்லே. இப்ப அவனை வைச்சிருக்கிறது நான் ஒருத்தன் தான். அரசாங்கம் தேடேல்ல, பேப்பர் மறந்துபோச்சு. வருசத்தில ஒரு பக்கத்தில, ஒரு மூலையில, காணாமல் போனோர் தினம் எண்டு போடுவினம். அதிலயும் அவன்ர பேர் வராது.

அவவும் கோல் வந்தா எடுப்பா. ஒண்டும் பெரிசாக் கேக்கிறேல்ல. சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டது முதல் நாள் மட்டும் தான். பிறகெல்லாம் சும்மா கேட்டுக்கொண்டு இருப்பா. நான் கதைச்சு முடிச்ச பிறகும் உடன வைக்கமாட்டா. மூச்சுச் சத்தம் வரும்.

ஒண்டு மட்டும் எனக்கு மனவருத்தம். வெள்ளவத்தைச் சந்தைக்குள்ள என்னைக் கண்டா அவ மற்றப் பக்கத்தால போறா. ஒருக்கா நேருக்கு நேர் வந்திட்டம். "எப்பிடிப் பிள்ளை, சுகமோ" எண்டு கேட்டனான், என்ர குரலில தான். என்னைப் பாத்தா, கத்தரிக்காயைப் பாத்தா, கையில எடுத்ததைத் திரும்பி வைச்சிட்டுப் போயிட்டா. நான் அவைக்காக இவ்வளவு செய்யிறன். சரி, அவவுக்குத் தெரியாதுதானே, அதைச் சொல்லிக் காட்டவும் ஏலாது.

தம்பி, ஒரு உதவி. உங்கட பேப்பரின்ர முன்பக்கத்தில கொட்டை எழுத்தில பாத்தனான், ஏ.எல். சோதினை றிசல்ற் இண்டைக்கு வந்திருக்குதாம். மூத்தவள் இந்தமுறை தான் எடுத்தவள். தகப்பன் எண்டா இண்டைக்கு எடுக்காம இருப்பானே? உங்கட போனை ஒருக்காத் தாங்கோ. என்ர நம்பரில எடுக்கேலாது. ஒளிச்சிருக்கிற மனிசன் ஒரே நம்பரிலயா எடுப்பான்? நான் ஒவ்வொரு முறையும் பக்கத்தில இருக்கிற ஆரிட்டையாவது வாங்கித்தான். நம்பர் எனக்குப் பாடம்.

யோசிக்காதேங்கோ, இப்ப ஆபத்து ஒண்டும் இல்லை. அந்தக் காலம் முடிஞ்சுது. ஆ, நன்றி. பஸ் சத்தம் நல்லம், தூர இடம் மாதிரிக் கேக்கும். இஸ்பீக்கரில போடுறன், நீங்களும் கேளுங்கோ. இவ்வளவு நேரம் கதையாக் கேட்டனீங்கள், ஒருக்கா ஆளைக் கேளுங்கோ. கதைக்காமல் மட்டும் இருங்கோ.

போகுது.

"ஹலோ?"

"ம்க்கும். சாரதா."

"..."

"நான் தான். மூத்தவளின்ர றிசல்ற் வந்ததே? பேப்பரில பாத்தனான். பிள்ளைக்குச் சொல்லு, அப்பா நினைச்சுக்கொண்டுதான்—"

"கொஞ்சம் பொறுங்கோ. உள்ளுக்குப் போறன். அவள் பக்கத்தில நிக்கிறாள்."

"சரி."

"கஸ்பார் அண்ணை."

"..."

"இவ்வளவு காலமும் நான் ஒண்டும் சொல்லேல்ல. அந்த முதல் நாள் மட்டும் தான் நம்பினனான். அதுக்குள்ள கேசை விட்டிட்டன். ரெண்டாந்தரம் நீங்கள் எடுக்கேக்க தெரிஞ்சிட்டுது, நீங்கள் குரல் எடுக்கிறதை அவர் வீட்டில சொல்லிச் சிரிக்கிறவர். தெரிஞ்சும் எடுத்தனான், ஏனெண்டா அவற்ற குரலைக் கேக்க எனக்கு வேற இடம் இல்லை. ஆனா இனி இந்தப் போனைப் பிள்ளையள் தான் எடுக்கப்போகுதுகள். அதுகள் தகப்பன்ர குரலை மறந்திட்டுதுகள், அண்ணை. அதுகளுக்கு இதைச் செய்யாதேங்கோ."

"..."

"வைக்கிறன்."

வைச்சிட்டா.

பாத்தியளே தம்பி. ஆரோ பக்கத்தில நிண்டிருக்கினம். வேற ஆளோட கதைக்கிற மாதிரி மாத்திக் கதைக்கிறா, விளங்குதே? என்ர பேர் தான் அவவுக்கு உடன வாயில வந்திருக்குது. மாளிகையில இருந்த ஆக்களில அவ அறிஞ்ச பேர் அதுதானே. கெட்டிக்காரி. இத்தினை வருசம் எச்சரிக்கையா இருந்து பழகினதால வாறது அது. ஒரு இடத்திலயும் குரல் நடுங்கேல்ல, கவனிச்சனீங்களே? நானே ஒருக்கா, அவதான் மெய்யாச் சொல்லுறா எண்டு நினைச்சிட்டன்.

ஏன் என்னை அப்பிடிப் பாக்கிறியள்.

இந்தாங்கோ போன். கையில வைச்சிருங்கோ, பொக்கற்றுக்குள்ள போடாதேங்கோ. பிள்ளை நம்பரைப் பாத்திட்டுத் திருப்பி எடுத்தாலும் எடுப்பாள். எடுத்தா நீங்கள் கதைச்சுப்போடாதேங்கோ தம்பி. உடன என்னட்டத் தாங்கோ. உங்களுக்கு அந்தக் குரல் வராது.